மாப்பிள்ளையூரணிக்கு வந்த மாப்பிள்ளை

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

கோடை விடுமுறை என்றால் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்வதே உலக வழக்கம். மலையிலிருந்து கீழே இறங்கி, அதுவும் கத்திரி வெயில் கொளுத்தும் மே மாதத்தில், தூத்துக்குடிக்கு உல்லாசப் பயணம் வருகிறோம் என்று ஒரு தம்பதியர் சொன்னால் நாம் என்ன நினைப்போம்? ‘இவர்களுக்கு வேறு ஊரே கிடைக்கவில்லையா?’ என்றுதான் நினைப்போம். ஆனால் அந்தத் தம்பதியர் என் அக்காளும் அத்தானும் என்பதாலும், அந்தப் பயணத்துக்குத் திட்டம் தீட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்ததாலும், அப்படி நினைத்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

எங்கள் ஊர் மாப்பிள்ளையூரணி. தூத்துக்குடி நகரை ஒட்டி வடக்கே இருக்கும் ஊராட்சி. கிழக்கே கடல், சுற்றிலும் உப்பளம். அத்தானுக்குச் சொந்த ஊர் குன்னூர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம். இப்போது இருவரும் வேலை பார்ப்பது பெங்களூரில். அதுவும் சுமார் 900 மீட்டர் உயரம். அக்காள் அங்கே ஒரு பள்ளியில் ஆசிரியை. ஆடிக்கு அழைத்தால் பள்ளிக்கூடம் நடக்கும். பொங்கலுக்கு அழைத்தால் குன்னூருக்குப் போக வேண்டும். எனவே அவர்கள் எங்கள் வீட்டுக்கு வர முடிந்த மாதம் மே மாதம் ஒன்றுதான்.

முதல் திட்டமும் அதன் முடிவும்

நான்கு ஆண்டுகளுக்கு முன், திருமணம் முடிந்த மே மாதத்திலேயே ஒருமுறை வந்தார்கள். அப்போதும் திட்டம் போட்டவன் நானே. ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையில், காலை எட்டு மணிக்குக் கிளம்பி, திருச்செந்தூரில் கூட்டத்தில் நின்று சுவாமி பார்த்து, அங்கிருந்து நேரே பாஞ்சாலங்குறிச்சிக்கு அழைத்துச் சென்றேன். கட்டபொம்மனின் கோட்டை வெள்ளையரால் தரைமட்டமாக்கப்பட்ட இடம் அது. இன்று அங்கே நாம் காண்பது 1974இல் எழுப்பப்பட்ட நினைவுக் கோட்டை. அந்த வரலாற்றை நான் ஆவேசமாக விளக்கிக்கொண்டிருந்தபோது பகல் மணி ஒன்றரை. அத்தான் உடுத்தியிருந்தது நாங்கள் சீராக எடுத்துக் கொடுத்த பாலியஸ்டர் சட்டை. ‘தலை சுற்றுகிறது’ என்றார். அடுத்த நிமிடம் விழுந்துவிட்டார்.

மருத்துவமனையில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏறியபின் எழுந்து உட்கார்ந்தார். ஆனால் செய்தி குன்னூருக்குப் போய்விட்டது. “ஊர்ப் பேரில் மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு, வந்த மாப்பிள்ளையைக் கொல்லப் பார்த்தீர்களே!” என்று அத்தானின் தாயார் தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. அதன்பின் இரண்டு கோடைகள் அக்காள் வரவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு மே மாதமும் மாங்காய் வாங்கி ஊறுகாய் போட்டு, அதைப் பேருந்தில் வருபவர்களிடம் கொடுத்தனுப்பினாள்.

சென்ற ஆண்டு மே மாதம் மீண்டும் வருவதாக அக்காள் சொன்னபோது, இனியும் ஒரு தவறு நேர்ந்தால் பிறந்த வீட்டுக்கு வரும் வழியே அடைபட்டுவிடும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. எனவே இம்முறை ஆசையை ஒதுக்கிவிட்டு, நான் படிக்கும் இயற்பியலைக் கையில் எடுத்தேன்.

வெக்கை வேறு, புழுக்கம் வேறு

வெயில், வெக்கை, புழுக்கம் என்று நம் மக்கள் மூன்று சொற்களை வைத்திருக்கிறார்கள். மூன்றும் ஒன்றல்ல. வெயில் என்பது கதிரவனின் ஒளி நேரே படுவது. வெக்கை என்பது காற்றும் தரையும் சூடேறி நிற்பது. புழுக்கம் என்பதோ சூட்டோடு காற்றில் ஈரமும் மிகுந்து நிற்பது. உள்நாட்டில் வெக்கை மிகுதி; கடற்கரையில் புழுக்கம் மிகுதி.

நம் உடலின் உள்வெப்பநிலை சுமார் 37 டிகிரி செல்சியஸ். தோலின் வெப்பநிலை அதைவிடச் சற்றுக் குறைவு. ஏறத்தாழ 35 டிகிரி வரை. சுற்றியுள்ள காற்றும் அதே அளவு சூடாகிவிட்டால் உடல் தன் வெப்பத்தை வெளியேற்றுவதற்கு ஒரே வழிதான் மிஞ்சுகிறது. அதுதான் வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. அப்படியானால் ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் 580 கிலோ கலோரி!

இங்கே கவனிக்க வேண்டிய சொல் ‘ஆவியானால்’ என்பதே. வியர்ப்பதால் உடல் குளிர்வதில்லை. வியர்வை உலர்வதால்தான் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை உலராமல் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுகிறது. அவ்வாறு விழும் வியர்வையால் உடலுக்கு நீரும் உப்பும் நட்டமே தவிர, குளிர்ச்சி சிறிதும் இல்லை.

நம் ஆய்வகத்தில் உள்ள ஈரக்குமிழ் வெப்பமானியை நண்பர்கள் பார்த்திருப்பீர்கள். குமிழைச் சுற்றி ஈரத்துணி கட்டியிருக்கும். நீர் ஆவியாகி எவ்வளவு தூரம் குளிர முடியும் என்பதை அது காட்டும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: உள்நாட்டு ஊர் ஒன்றில் 40 டிகிரி வெப்பம், 25 சதவீத ஈரப்பதம் என்று கொள்வோம். ஈரக்குமிழ் ஏறத்தாழ 24 டிகிரி காட்டும். கடற்கரை ஊர் ஒன்றில் 34 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 70 சதவீதம் என்று கொள்வோம். ஈரக்குமிழ் 29 டிகிரியைத் தொட்டுவிடும். வெப்பமானி ஆறு டிகிரி குறைத்துக் காட்டும் கடற்கரையில்தான் உடல் அதிகம் தவிக்கிறது. ஈரக்குமிழ் 35 டிகிரியை எட்டினால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் நல்ல உடல்நிலை உள்ள மனிதனாலும் தன் வெப்பத்தை வெளியேற்ற முடியாது என்பது அறிவியல் கணக்கு. அதற்கு மிகவும் முன்பே பலருக்கு ஆபத்து தொடங்கிவிடுகிறது.

இதனால்தான் குளிர்சாதன இயந்திரத்தின் கதையும் சூட்டில் தொடங்காமல் ஈரத்தில் தொடங்கியது. 1902இல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில், புரூக்ளின் பகுதி அச்சகம் ஒன்றில் ஈரத்தால் காகிதம் விரிந்து, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் படியாமல் போயின. அந்த ஈரத்தை அடக்கவே வில்லிஸ் கேரியர் என்ற பொறியாளர் தம் கருவியை வடிவமைத்தார். நம் பக்கத்துச் சிவகாசியில் அச்சுத் தொழிலும் தீப்பெட்டித் தொழிலும் தழைத்ததற்கு அங்குள்ள வறண்ட வானிலை ஒரு காரணம் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

ஈரப்பதத்தை அளக்க நம் வீட்டு அடுக்களையிலேயே ஒரு கருவி உண்டு. அதுதான் உப்பு ஜாடி. தூய உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். உப்பளத்திலிருந்து வரும் கல்லுப்பில் மக்னீசியம் குளோரைடும் சிறிது கலந்திருப்பதால் அது இன்னும் முன்னதாகவே கசியும். “உப்பு கசியுதுலே, இன்னைக்குப் புழுங்கும்” என்று அம்மா சொல்வதை நான் சிறு வயது முதல் கேட்டிருக்கிறேன். அதன் பொருள் எனக்கு இரண்டாம் ஆண்டு பாடத்தில்தான் விளங்கியது.

காற்றின் கால அட்டவணை

பகலில் கடலைவிட நிலம் விரைவாகச் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று மேலெழ, கடலின் மேலுள்ள குளிர்ந்த காற்று கரைக்கு வருகிறது. இது கடற்காற்று. இரவில் நிலம் விரைவாகக் குளிர்வதால் காற்று கரையிலிருந்து கடலை நோக்கிப் போகிறது. இது நிலக்காற்று. இந்த இரண்டுக்கும் நடுவே காற்று அசையாமல் நிற்கும் நேரம் ஒன்று உண்டு. முற்பகலில் கடற்காற்று இன்னும் வந்து சேராத அந்த நேரந்தான் புழுக்கத்தின் கொடுமையான நேரம். மேற்கிலிருந்து கச்சான் காற்று வலுத்து வீசும் நாட்களில் கடற்காற்று தாமதமாக வரும். அன்று சூடும் ஏறும்.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தார்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்தது கோடை காலத்தில்தான். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடையே கடல் அமைதியாக இருக்கும் காலம் அது. நள்ளிரவுக்குப் பின் நிலக்காற்றில் பாய் விரித்துத் தோணிகள் கடலுக்குள் போகும். முற்பகல் முழுதும் குளித்துச் சிப்பி எடுத்துவிட்டு, பிற்பகல் கடற்காற்றைப் பிடித்துக் கரை திரும்பும். 1961உடன் இங்கே முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. ஆனால் அந்தக் காற்றுகள் இன்றும் தம் நேரப்படியே வீசுகின்றன.

அம்மா திருத்திய திட்டம்

இத்தனையும் படித்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தில் நேரம் குறித்து, அம்மாவிடம் காட்டினேன். அதிகாலை முதல் காலை ஒன்பது வரை வெளியே. ஒன்பது முதல் நான்கு வரை நிழலில். நான்குக்குப் பின் மீண்டும் வெளியே. அம்மா கேட்டுவிட்டுச் சிரித்தாள். “இதுக்கு எதுக்குலே இம்புட்டுப் படிப்பு? நான் இருபது வருசமா இப்படித்தானே போயிட்டு வாரேன்!”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் அம்மா உப்பளத் தொழிலாளி. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து டார்ச் விளக்கோடு கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரிச் சுமந்து, அம்பாரத்தில் கொட்டிவிட்டு, பத்து மணி வாக்கில் வீடு திரும்புபவள். நான் நூலகத்தில் ஒரு வாரம் தேடிய கால அட்டவணை என் வீட்டிலேயே இருந்தது. முதல் பயணத்தின்போதே அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அத்தான் விழுந்திருக்க மாட்டார்.

ஆனால் ஓரிடத்தில் அம்மாவுக்கும் எனக்கும் வாக்குவாதம் வந்தது. எங்கள் வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேய்ந்தது. பகலெல்லாம் வாங்கிய சூட்டை அது இரவில் கக்கும். கடலோர ஊர்களில் காற்றிலுள்ள ஈரம் வெப்பத்தை விட்டுவிடாது என்பதால் இரவும் அதிகம் குளிராது. பகலில் களைத்த உடல் இரவில் குளிர்ந்து தேறினால்தான் மறுநாள் வெயிலைத் தாங்கும். எனவே அவர்கள் இருவரும் இரவு தங்க, நகரில் குளிர்சாதன அறை ஒன்று எடுக்கலாம் என்றேன். “மாப்பிள்ளையை லாட்ஜுல தங்க வச்சா ஊரு என்ன சொல்லும்?” என்று அம்மா கண் கலங்கினாள். இரண்டு நாள் பேசியபின் ஒரு முடிவுக்கு வந்தோம். சாப்பாடு இங்கே, தூக்கம் அங்கே.

அந்த மூன்று நாட்கள்

பெங்களூரில் இரவு ரயில் ஏறினால் மறுநாள் முற்பகல் தூத்துக்குடி வந்துவிடலாம். வந்த அன்று பகலில் ஊர் சுற்றுவது கிடையாது என்பது முதல் விதி. குளிர்ந்த ஊரில் வாழும் உடல் புழுக்கத்துக்குப் பழகுவதற்கு ஒன்று அல்லது இரண்டு வாரங்கள் பிடிக்கும். பழகிய உடல் சீக்கிரமாகவும் அதிகமாகவும் வியர்க்கும். வியர்வையில் போகும் உப்பும் குறையும். அந்த இரண்டு வாரம் விருந்தாளிக்கு இல்லை. ஆகவே உடலைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும்.

முதல் நாள் மாலை பனிமய மாதா பேராலயம். 1713இல் கட்டப்பட்டு, 1982இல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. ரோமாபுரியில் ஆகஸ்டு மாதக் கோடையில் ஒரு குன்றின்மீது பனி பொழிந்தது என்ற மரபுக் கதையிலிருந்து வந்த பெயர் அது. “இந்தப் புழுக்கத்தில் பனி மாதாவா!” என்று அத்தான் வியந்தார். பிறகு கடற்கரையில் காற்று வாங்கிவிட்டு, இரவு புரோட்டாவும் சால்னாவும்.

மக்ரூன் வாங்கியபோது அதைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து வாங்கச் சொன்னேன். முட்டையின் வெண்கரு, சர்க்கரை, முந்திரி இவற்றால் ஆன அந்தப் பண்டத்தைத் திறந்து வைத்தால், சர்க்கரை ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும்.

இரண்டாம் நாள் விடியுமுன் புறப்பட்டு, சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருச்செந்தூர். அலையோசையோடு தரிசனம் முடித்து, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட்டோம். வழியில் பதநீர். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கும் பதநீரைக் காலையிலேயே குடித்துவிட வேண்டும். பகலில் நுங்கு, மோர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. பிறகு நல்ல தூக்கம். ஒரு நாளைக்கு ஓர் இடம் என்பது இரண்டாம் விதி. பருத்திச் சட்டை என்பது மூன்றாம் விதி. அக்காள் பழைய பாலியஸ்டர் சட்டையைக் கொண்டுவரவே இல்லை.

அன்று இரவு எட்டு மணிக்கே அம்மா படுக்கப் போனதைப் பார்த்து, காரணம் கேட்டார் அத்தான். அக்காளின் முகம் மாறியது. அம்மா இன்னும் உப்பளத்துக்குப் போகிறாள் என்பதை அவள் புகுந்த வீட்டில் சொன்னதில்லை. நான் சொன்னேன். அத்தான் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நாளைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போ” என்றார்.

மூன்றாம் நாள் என் திட்டத்தில் இல்லாத இடத்துக்குப் போனோம். விடியலில் பாத்திகள் கண்ணாடி போலக் கிடந்தன. கிழக்கு வெளுத்தபோது, முழங்கால் வரை உப்பு நீரில் நனைந்த பெண்கள் வரிசையாகத் தலையில் சுமையோடு நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் அம்மா. மாப்பிள்ளையைக் கண்டதும் கூச்சத்தோடு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “இங்கெல்லாம் ஏன் மாப்பிள்ளை வந்தீங்க?” என்றாள்.

ஏழு மணிக்குள் அத்தானின் சட்டை முழுவதும் நனைந்துவிட்டது. உப்பின் வெண்மையில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைக் கூசியது. அம்மாவுக்கு இன்னும் மூன்று மணி நேர வேலை மிச்சம் இருந்தது.

“அத்தை, தினமும் இப்படித்தானா? லீவே கிடையாதா?” என்றார் அத்தான்.

“மழை பெஞ்சா லீவுதான் மாப்பிள்ளை. அப்போ கூலிக்கும் லீவு” என்றாள் அம்மா.

அன்று பகல் சாப்பாட்டின்போது அக்காள் அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து பரிமாறினாள். மாலை ரயிலில் அவர்கள் ஏறும்போது அத்தான் நல்ல உடல்நலத்தோடு இருந்தார். பாஞ்சாலங்குறிச்சியை முழுதாகப் பார்க்க, விடுப்புக் கிடைத்தால் ஒரு தை மாதத்தில் வருவதாகச் சொன்னார்.

நண்பர்களுக்கு ஒரு சொல்

வெளியூர் உறவினரைக் கோடையில் அழைக்கும் நண்பர்கள் இவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீர் கொடுங்கள். அதிகம் வியர்த்தவருக்கு வெறும் நீர் மட்டும் போதாது. உப்பும் சிறிது சேர வேண்டும். தலைச்சுற்றல், தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு இவை உடல் தரும் எச்சரிக்கைகள். உடனே நிழலில் படுக்க வைத்து, ஆடையைத் தளர்த்தி, உடலை ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். பேச்சுக் குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ, உடல் கொதித்தாலோ அது உயிருக்கே ஆபத்தான வெப்பத் தாக்கு. 108ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை உடலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

‘காலமறிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். காலத்தை அறிந்து, அதற்கேற்ப வெளியே செல்வதும் உள்ளே இருப்பதும் விருந்தாளிக்கு எளிது, மூன்று நாட்கள்தானே! காலத்தை அறிந்தும், வெயிலில் நிற்க வேண்டியவர்கள் நம்மிடையே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் உட்கார ஒரு நிழற்கொட்டகையும், குடிக்க நல்ல தண்ணீரும் ஒவ்வோர் உப்பளத்திலும் வேண்டும் என்பது ஒன்றும் பெரிய ஆசையல்ல. அவற்றைக் கேட்கவும் அமைக்கவும் படித்த நாம் முன்வர வேண்டும்.

இவ்வாண்டு மே மாதமும் வருவதாக அக்காள் எழுதியிருக்கிறாள். இம்முறை அத்தானின் தாயாரும் வருகிறாராம். திட்டத்தை நான் போடப்போவதில்லை. அம்மாவிடமே விட்டுவிட்டேன்.